எட்டாம் வாய்ப்பாடும் தங்க மீனும்

"அக்கா, ராத்திரி தலைகீழா ஒப்பிச்சா. காலையிலே கேட்டா முழிக்கிறா! ஞாபக சக்திக்கு நல்ல டானிக் இருந்தா சொல்லுங்களேன்."

தல்லாகுளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்தான். பின்னால் நின்ற மூன்றாம் வகுப்பு வாண்டின் கன்னத்தில் விரல் தடம். எனக்கு மனசே சரியில்லை.

ராத்திரி தெரிந்தது காலையில் போவது சோம்பலால் அல்ல. 1960-களில் அமெரிக்காவில் பெர்னார்டு அக்ரனாஃப், விளக்கு எரிந்தால் தொட்டியின் மறுபக்கம் தாவும்படி தங்க மீன்களைப் பழக்கினார். பழக்கிய கையோடு, மூளையில் புதிய புரதம் உண்டாகாமல் தடுக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினார். சில நாள் கழித்துப் பார்த்தால், பாடம் சுத்தமாக மறந்து போயிருந்தது! ஒரு மணி நேரம் தள்ளி அதே ஊசி போட்ட மீன்களோ மறக்கவில்லை. அதற்குள் பாடம் 'உறைந்து' விட்டது.

பிறகு வந்தவர் எரிக் கேண்டல். அவர் பிடித்தது கடல் முயல் என்ற கொழகொழ நத்தையை. (நம் மன்னார் வளைகுடாவிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு.) வாலில் ஒரு முறை மின் அதிர்ச்சி கொடுத்தால் சில நிமிடம்தான் நினைவு. இடைவெளி விட்டுப் பல முறை கொடுத்தால் நாள்கணக்கில் நிற்கிறது. அப்போது நரம்பணு புதிய புரதங்களைச் செய்கிறது. நரம்புகளுக்கிடையே புதிய இணைப்புகளும் முளைக்கின்றன. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ரவிக்கைக்கு முதலில் கையால் நூலோட்டி வைக்கிறோமே, அதுதான் ராத்திரிப் பாடம். இழுத்தால் வந்துவிடும். மிஷின் தையலுக்குப் புது நூல் வேண்டும். அந்த நூல்தான் இந்தப் புரதம்.

"அப்போ முட்டையும் சுண்டலும் நிறையக் கொடுக்கட்டுமாக்கா?"

கொடு, வளர்கிற பிள்ளை. ஆனால் அது பஞ்சு மாதிரி. நூலை நரம்பணுதான் நூற்றுக்கொள்ளும். படி படியாகச் சுண்டல் தின்றாலும் எட்டாம் வாய்ப்பாடு வராது! சாயந்தரம் கொஞ்சம், மறுநாள் குளித்து வந்ததும் கொஞ்சம், ஒரு நாள் விட்டு மறுபடி. நடுவில் நல்ல தூக்கம்.

இன்னொன்றும் சொன்னேன். கடல் முயல் மறக்காமல் வைத்திருந்தது எதை? அதிர்ச்சியை. நீ அடித்தால் பதிவது வாய்ப்பாடா, அடியா? அவள் பதில் பேசவில்லை.

நேற்று சாயந்தரம் மாடிப்படியில் வாண்டைக் கேட்டேன். "எட்டேழு?" "ஐம்பத்தாறு!" "எட்டொன்பது?" விரலை மடக்கி, விழித்தாள். அம்மாக்காரி பூ கட்டியபடியே சொன்னாள், "விடுங்கக்கா, நாளைக்குச் சொல்லுவா."