போர்வைக்கு மூலப்பத்திரம்

பண்பாட்டு அடிமைத்தனத்துக்கு உதாரணம் தேடுகிறவர்கள் இப்போது லெசோத்தோ வரை போய் வந்துவிட்டார்கள். நம் வட்டத்து நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படித்த கட்டுரையின் சாரம் இது: தென்னாப்பிரிக்கா நாற்புறமும் சூழ்ந்த அந்த மலைநாட்டில் பசோத்தோ மக்கள் தங்கள் தேசிய உடையாகப் போர்த்திக்கொள்ளும் கம்பளிப் போர்வை அவர்களுடையதே அல்ல. இங்கிலாந்து ஆலையில் நெய்தது, வெள்ளைக்கார வியாபாரி விற்றது, விக்டோரியாவின் பெயரைத் தாங்கியது. எஜமானன் கொடுத்த துணியைப் பாரம்பரியம் என்று நம்பும் ஏமாளித்தனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று முடித்தார். கைதட்டல். அவர் குறி போர்வை அல்ல, புதுக்கவிதை என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ‘இறக்குமதிச் சரக்கு’ என்ற வசவை அறுபது வருஷமாகக் கேட்டு நமக்குக் காது மரத்துப் போயிற்று. அந்தக் கணக்கை வேறொரு சமயம் தீர்த்துக்கொள்ளலாம். அவர் போர்வையைப் பார்த்த லட்சணம்தான் இங்கே விஷயம்.

நான் வங்கியில் குமாஸ்தா. வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டு வருகிறவரிடம் மூலப்பத்திரம் எங்கே, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பது என் பிழைப்பு. நிலத்துக்கு அது சரி. நிலம் இடம் பெயராது, உடைமை மட்டுமே கை மாறும். ஒரு ஜனங்கள் உடுத்தும் துணிக்கு மூலப்பத்திரம் கேட்பது, என் மேஜையின் புத்தியை இலக்கியத்துக்குக் கொண்டுவருவதாகும். பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை அதைச் செய்கிற நானே ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்வதில்லை.

நண்பரின் தகவல்களில் கோளாறு இல்லை. 1860-ல் ஹவல் என்ற வியாபாரி மொஷ்வேஷ்வே அரசருக்கு ஒரு கம்பளிப் போர்வையைப் பரிசளித்தார் என்றும், அரசர் சிறுத்தைத் தோலைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் போர்த்திக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அதற்குப் பின் சில பத்தாண்டுகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் போய், மலையெங்கும் போர்வை வந்தது. யார்க்‌ஷயரில் ட்யூஸ்பரி என்ற ஊரில் வோர்மால்ட்ஸ் அண்ட் வாக்கர் ஆலை நெய்தது. (கிழிந்த கந்தல்களைப் பிரித்துத் திரும்ப நூற்று நெய்கிற தொழிலுக்குப் பேர்போன வட்டாரம் அது. அந்தத் துணியின் பெயரான ‘ஷாடி’ என்பதே இங்கிலீஷில் மட்டரகம் என்ற பொருள் பெற்றுவிட்டது. பி.ஏ.யில் இங்கிலீஷ் படித்ததில் கிடைத்த லாபங்களில் இப்படிச் சிலதும் உண்டு.) இப்போது ஜோஹன்னஸ்பர்க் அருகே ராண்ட்ஃபோன்டெயினில் அராண்டா என்ற ஆலை நெய்கிறது. அதை நிறுவியது இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். ஆக, மலையில் பிறந்த தறி எதுவும் இந்தக் கதையில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டபின் கேட்கிறேன்: அதனால் என்ன?

மொஷ்வேஷ்வே யார் என்று நண்பர் விசாரித்திருக்க வேண்டும். 1820-களில் தெற்கு ஆப்பிரிக்கப் பீடபூமியையே போரும் பஞ்சமும் சூறையாடியபோது, சிதறி ஓடியவர்களைத் தாபா போசியூ என்ற தட்டைத்தலை மலைமேல் சேர்த்துக்கொண்டவர். 1824-ல் அவர் அங்கே ஏறினார். பல குலங்கள், பல ஊர்கள், நேற்றுவரை எதிரியாக இருந்தவர்கள்கூட. இந்தக் கூட்டம்தான் பசோத்தோ என்ற இனமாயிற்று. மூலப்பத்திரம் கேட்டால் அந்த இனத்துக்கே கிடைக்காது. அகதிகளை ஒட்டி ஓர் இனத்தை உண்டாக்கத் தெரிந்தவருக்கு, அந்நியத் துணியைத் தன்னுடையதாக்கிக்கொள்ள யார் சொல்லித்தர வேண்டும்? போயர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டே வந்தபோது 1868-ல் அவர் பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்றார். தன் நாடு ராணியின் போர்வை, தன் ஜனங்கள் அதிலுள்ள சீலைப்பேன்கள் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. இதில் பணிவை மட்டும் படிக்கிறவர், சீலைப்பேன் யாருடைய இரத்தத்தைக் குடிக்கும் என்று யோசிக்கவில்லை.

போர்வையின் ஓரத்தை ஒட்டிக் கோடுகள் ஓடுகின்றன. முதலில் அது ஆலையில் நேர்ந்த நெசவுக் கோளாறு என்று சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் யாரோ ஒருவன் பறிகொடுத்த கவனம், மலையில் ஒரு விதியாயிற்று. கோடு நிமிர்ந்து நிற்கும்படி போர்த்த வேண்டும், அப்போதுதான் வளர்ச்சி. படுத்தால் வளர்ச்சி குன்றும், செல்வம் தேயும். ஆண் வலது தோளில் ஊசி குத்திக்கொள்கிறான், பெண் மார்பின் முன்னால். கோடில்லாத போர்வை குளிருக்கு ஆகும்; சபைக்கு ஆகாது. ஆலைக்காரன் கண்ணில் கழிவாகத் தெரிந்திருக்கக் கூடியதை இவர்கள் இலக்கணமாக்கினார்கள். சிருஷ்டி என்று நாம் மேடையில் பெரிதாகப் பேசுகிறோமே, அந்தக் காரியம் இங்கே நடந்திருக்கிறது. செய்தவன் கையில் தறி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நண்பரை விட்டுவிடுகிறேன். அவரை எதிர்த்து அன்று எழுந்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ‘அப்படிச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு டிசைனுக்கும் ஆழ்ந்த அர்த்தம் இருக்கிறது’ என்று ஆரம்பித்தார்கள். மக்காச்சோளக் கதிர் என்றால் வளமை. கிரீடம் என்றால் அரசு. விமானம் என்றால் வீரம். சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்குப் பண்பாடு என்பது அகராதி. இடது பக்கம் படம், வலது பக்கம் பொருள். கவிதையில் படிமத்தைக் கண்டதும் ‘இது எதைக் குறிக்கிறது’ என்று பென்சிலோடு வருகிற அதே ஆசாமிகள்.

அவர்களுடைய அகராதியையே எடுத்துக்கொள்வோம். சியானா மரேனா என்ற போர்வை எல்லாவற்றிலும் உயர்ந்தது. அரசர்மேல் ஆணை என்பது அந்தப் பெயரின் பொருள். அதில் இருப்பது மக்காச்சோளக் கதிர். வளமையின் ஆதிச் சின்னம் என்கிறார்கள். மக்காச்சோளம் ஆப்பிரிக்கப் பயிரே அல்ல. அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. ஆதி எங்கே இருக்கிறது? வந்த பயிர், வந்த துணியில் ஏறி, வந்து சேர்ந்த ஜனங்களின் தலைவனுக்குப் பெருமையாக நிற்கிறது. ஆதியும் இல்லை, ஏமாளித்தனமும் இல்லை. அர்த்தம் கதிருக்குள் ஒளிந்திருக்கவில்லை. ஒருவன் அதை எந்த நாளில், யார் முன்னால், எந்தத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்பதில் இருக்கிறது. வாலிபத்தின் வாசலில் நிற்கும் பையனுக்கு மொஹொலொபெலா. சடங்கு முடிந்து ஆணாகத் திரும்பி வரும்போது வேறு ஒன்று, லெக்கொகொலோ. முதல் குழந்தை பிறந்ததும் மனைவிக்குக் கணவன் கொடுப்பது செரோபே. போர்வையைப் படிக்க வேண்டுமானால் அந்த மனிதனின் வயசையும் வீட்டு விசேஷத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். துணியை மட்டும் சுவரில் ஆணியடித்து மாட்டினால் மிஞ்சுவது பூவேலை.

விமானத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் பசூட்டோலாந்து (அன்றைய பெயர்) பிரிட்டனுக்குப் போர்விமானங்கள் வாங்கப் பணம் திரட்டிக் கொடுத்தது. ராயல் விமானப்படையின் 72-ஆம் பிரிவுக்குப் ‘பசூட்டோலாந்து’ என்றே பெயர் வைத்தார்கள். போர்வைகளிலும் விமானங்கள் பறந்தன. அகராதிக்காரர் ‘வீரம்’ என்று எழுதிக்கொள்கிறார். 1943 மே 1 அன்று மத்தியதரைக் கடலில் எரின்புரா என்ற கப்பல் வானிலிருந்து விழுந்த குண்டில் சில நிமிஷங்களில் மூழ்கியது. அதில் இருந்த பசோத்தோ படையாட்களில் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். கடலே இல்லாத நாட்டுக்காரர்கள். அதற்குப் பின் மலைக்கிராமத்தில் ஒரு தாய் விமானம் போட்ட போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டபோது அந்தச் சின்னம் என்ன சொல்லியிருக்கும்? ‘வீரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவளை அடைத்துவிட்டு அடுத்த டிசைனுக்குப் போவதை என்னால் விமர்சனம் என்று ஏற்க முடியாது.

மூலத்தை மீறிய உடைமை என்பது பசோத்தோக்களுக்கு மட்டும் கைவந்த காரியமும் அல்ல. சென்னையைச் சுற்றியிருந்த தறிகளிலிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணி நைஜீரியாவின் கழிமுகத்துக்குப் போயிற்று. அங்கே கலபாரிப் பெண்கள் பிளேடால் நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, கட்டங்களுக்குள் வேறொரு கோலத்தைக் கொண்டுவந்தார்கள். அறுத்த அந்தத் துணி கலபாரிகளுடையது; பிறப்புக்கும் சாவுக்கும் அவர்களுக்கு அது வேண்டும். நம் நெசவாளி அதைப் பார்த்தால், நல்ல துணியை இப்படிப் பாழாக்கிவிட்டார்களே என்றிருப்பான். நம் நண்பரின் தர்க்கப்படி கலபாரிகள் நமக்கு அடிமைகள். அந்தப் பெருமை வேண்டுமென்றால் அவர் வைத்துக்கொள்ளட்டும்.

2017-ல் ஒரு கூச்சல் கிளம்பியது. பாரிஸின் லூயி வித்தோன் கம்பெனி பசோத்தோ டிசைன்களை ஒத்த துணிகளை வெளியிட, ஒரு போர்வைக்கு 33,000 ராண்ட் விலை என்று தென்னாப்பிரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அசல் அப்போது ஆயிரம் ராண்டை ஒட்டி இருந்தது. திருட்டு என்றார்கள். அடுத்த வருஷம் ‘பிளாக் பாந்தர்’ படத்தில் எல்லைக்காவல் வீரர்கள் இதே போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, உட்புறத்தைத் திருப்பிக் கேடயமாக்கினார்கள்; உடையமைத்த ரூத் கார்ட்டருக்கு 2019-ல் ஆஸ்கார். அதைக் கௌரவம் என்றார்கள். ஒன்று திருட்டு, ஒன்று கௌரவம் என்று எந்தத் தராசில் நிறுத்தார்கள்? உருவம் எடுக்கப்பட்டது என்பதற்காக நான் கோபப்பட மாட்டேன். பசோத்தோக்களும் அப்படித்தான் எடுத்தார்கள், எடுத்து உழைத்தார்கள். வித்தோன் துணியில் அந்த உழைப்பு இல்லை. அதைப் போர்த்துபவனுக்குச் சடங்கும் இல்லை, குளிரும் இல்லை. ஆட்சேபணை அங்கே. திருட்டு என்றே வைத்துக்கொண்டாலும் பறிகொடுத்தவர் யார்? நெய்கிற உரிமை மலையில் இல்லை, ராண்ட்ஃபோன்டெயினில் இருக்கிறது. வழக்குப் போட்டு ஜெயித்தாலும் காசு போகும் வழி அது.

இங்கேதான் நண்பருக்கும் அகராதிக்காரர்களுக்கும் சேர்த்து என் சண்டை. ‘அந்நியம்’ என்று ஒருவரும் ‘ஆழ்ந்த அர்த்தம்’ என்று மற்றவர்களும் கத்திக்கொண்டிருந்ததில், போர்வைக்கு யார் காசு கொடுத்தார்கள், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. 1980-களின் கடைசியில் லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆண்கள் அங்கே பூமிக்கடியில் இருந்தார்கள். அடியில் சம்பாதித்த காசு மேலே தோளில் ஏறியது. அர்த்தத்தைப் பசோத்தோக்கள் உண்டாக்கினார்கள், தாராளமாக, யாரிடமும் கேட்காமல். லாபத்தை முதலில் ட்யூஸ்பரியும் பிறகு ராண்ட்ஃபோன்டெயினும் எடுத்துக்கொண்டன. அர்த்தம் இவர்களுடையது என்று எழுதுவது சுலபம். ஆலை இவர்களுடையதல்ல என்பதை அதே வாக்கியத்தில் எழுதக் கை வருவதில்லை.

லெசோத்தோவில் கம்பளி இல்லாமல் இல்லை. அங்கோரா ஆட்டின் மொஹேரில் தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்தபடி உலகில் அதிகம் விளைவது அங்கேதான். செம்மறிக் கம்பளியும் மொஹேரும் மலையிலிருந்து கழுவாமல், நூற்காமல் மூட்டையாக இறங்கித் தென்னாப்பிரிக்க ஏலத்துக்குப் போகின்றன. 2018-ல் அரசாங்கம் உள்நாட்டிலேயே விற்க வேண்டும் என்று விதி போட்டது. காசு வந்து சேரவில்லை என்று 2019-ல் ஆட்டுக்காரர்கள் தலைநகர் மசேருவில் ஊர்வலம் போனார்கள். ஜூன் மாதம், அங்கே அது கடுங்குளிர்காலம். நம் நண்பர் அடுத்த கட்டுரையை அந்த ஊர்வலத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். கம்பளி இறங்குகிற பாதையிலும் போர்வை ஏறுகிற பாதையிலும் எந்தெந்த இடத்தில் யார் உட்கார்ந்து எவ்வளவு கழித்துக்கொள்கிறார்கள் என்று விலாசத்தோடு எழுதட்டும். கூட்டத்துக்கு நான் நேரத்துக்கு முன்பே வந்து உட்காருகிறேன்.