கூரை மழையும் கடல்நீரும்

2015 திசம்பரில் பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரியின் திறப்புநீரும் சேர்ந்து அடையாற்றங்கரையை மூழ்கடித்தன. நான்காண்டு கழியவில்லை, 2019 சூலையில் அதே சென்னைக்குச் சோலையார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. நடையொன்றுக்கு 25 இலக்கம் இலிட்டர்! முந்திய ஆண்டு பருவமழை பொய்த்தது மெய்யே. பெய்த ஆண்டுகளின் மழை எங்கே போயிற்று?

குடிநீர் வாரியம் வாளாவிருந்ததென்று கூறோம். 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும், நாளொன்றுக்குப் பத்துக் கோடி இலிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் எழுந்தன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைத் தூய்மைசெய்து தொழிலகங்களுக்கு விற்கும் பணி தொடங்கிற்று. பின்னதை உளமாரப் போற்றுகிறோம். தொழிலகம் குடித்துவந்த நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறதன்றோ!

ஆனால், ஆயிரம் இலிட்டர் கடல்நீரின் உப்பைப் பிரிக்க மூன்று நான்கு அலகு மின்னாற்றல் வேண்டும். கூரை மழையைக் குழியில் இறக்க ஓரலகும் வேண்டா. அதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. அன்று தோண்டிய குழிகளுள் எத்தனை இன்று நீரை உண்கின்றன, எத்தனை மண்மூடிக் கிடக்கின்றன? வாரியம் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, ஐப்பசி பிறக்குமுன் அவற்றைத் தூர்வாரச் செய்க. ஏரிகளின் வண்டலைக் கோடையிலேயே அள்ளுக.

அன்பர்களே, ஆணை வரும்வரை காத்திராமல், இத்திங்களே உங்கள் வீட்டுக் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்.