கோடையில் மலையேற்றப் பாதைகள் மூடப்படுவது ஏன்? குரங்கணி தீ சொல்லும் கணக்கு

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் ஞாயிறு விடியும்போது மலையடிவாரம். மதியத்துக்குள் உச்சி, அப்படியே முகட்டில் ஒரு நடை, சாயங்காலம் இறக்கம். திங்கள் காலை மறுபடி ஆபீஸ். ஐடி ஊழியர்கள் பலருக்கும் பழக்கமான வார இறுதித் திட்டம் இது.

ஆனால், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தமிழக வனப்பகுதி மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. "வெயில்தானே, தண்ணி எடுத்துட்டுப் போனா போச்சு. இதுக்கு எதுக்கு தடை?" என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. இதற்கான பதில் தேனி மாவட்ட மலைகளில் இருக்கிறது.

குரங்கணியில் என்ன நடந்தது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அதில் பெண்களே அதிகம். இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து வந்தது. கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் அவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. முதலில் உதவிக்கு ஏறியவர்கள் உள்ளூர் மக்கள். துணியில் தூளி கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர்.

அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்றது அரசுத் தரப்பு. விசாரிக்க ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார்.

தீயைவிட வேகமாக ஓட முடியாதா?

சமதளத்தில் ஒருவேளை முடியலாம். சரிவில் கணக்கே வேறு. தீ மேல்நோக்கிப் போகும்போது அதன் சுவாலை மேலே இருக்கும் புல்லை நோக்கிச் சாய்கிறது. அந்தப் புல் முன்கூட்டியே சூடாகிக் காய்ந்துவிடுவதால் சட்டென்று பற்றிக்கொள்கிறது. காட்டுத்தீ வல்லுநர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது: சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் 2 மடங்கு. 20 டிகிரியில் 4 மடங்கு. 30 டிகிரியில் 8 மடங்கு.

மனிதர்களுக்கோ நேர் எதிர். ஏற்றம் கூடக்கூட நடையே தள்ளாடும், மூச்சு வாங்கும். புகை வந்துவிட்டால் பத்தடி தாண்டுவதே பெரும்பாடு.

காற்றும் தீயின் பக்கமே நிற்கிறது. வெயிலில் சரிவு சூடேறுவதால் பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். மதியத்துக்கு மேல் அது வலுக்கும். ஒருநாள் மலையேற்றம் போகிறவர்கள் முகட்டிலோ, மேல் சரிவிலோ இருக்கும் நேரமும் அதுதான்.

ஏன் குறிப்பாக இந்த மாதங்கள்?

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டும். தேனி மாவட்டத்தின் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசம் என்பதால் நிலைமை இன்னும் மோசம். மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து சருகாகி நிற்கும். போட்டோவில் தங்க நிறத்தில் மின்னும் அந்த முகடுதான் மலையிலேயே எளிதில் பற்றக்கூடிய இடம். ஈரமான சோலைக்காடுகள் பெரும்பாலும் கீழே, மடிப்புகளில்தான் இருக்கும்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை இருக்கிறதே?

இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் காட்டுத்தீ எச்சரிக்கைகளை செல்போனுக்கே அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால், இந்தச் செயற்கைக்கோள்கள் ஓர் இடத்தை நாளுக்குச் சில முறைதான் கடக்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் பற்றும் புல்தீ, தகவல் வருவதற்குள் முகட்டைத் தொட்டுவிடும். அந்தத் தகவலைப் பார்க்க மலையில் சிக்னலும் கிடைக்க வேண்டும்.

அதன்பிறகு என்ன மாறியது?

குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பாதைகள் எளிது, மிதம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, கூடவே வரப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். காட்டின் வாசமும் காற்றின் திசையும் தெரிந்தவர் ஒருவர் கூட இருப்பதுதான் இதில் பெரிய மாற்றம்.

'அப்போ வெள்ளியங்கிரிக்கு மட்டும் அதே மாசத்துல விடுறாங்களே?' என்று கேட்கலாம். அது பக்தர்கள் கூட்டமாக ஏறும், பழக்கப்பட்ட ஒற்றைப் பாதை. அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை. மூச்சுத்திணறல், மாரடைப்பால் மலையிலேயே இறந்தவர்கள் உண்டு. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது.

தீயைப் பார்த்துவிட்டால்?

மேல்நோக்கி ஓடக் கூடாது. தீயின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். வெறும் பாறை, நீர் உள்ள இடம், ஏற்கெனவே எரிந்து அணைந்த தரை ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. சரிவின் இடுக்குகளும் குறுகிய ஓடைப் பள்ளங்களும் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். அங்கே ஒதுங்கக் கூடாது. சிந்தெடிக் டி-ஷர்ட், லெக்கிங்ஸ் உருகித் தோலில் ஒட்டும். கெட்டியான பருத்தி உடை பரவாயில்லை.

இத்தனையும் கடைசி நேரத்து முயற்சிகள்தான். பணம் கட்டுவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. குழுவை அழைத்துப் போகிறவரிடம் இப்படிக் கேட்பது: "இந்தப் பாதைக்கு, இந்தத் தேதிக்கு வனத்துறை கொடுத்த அனுமதி எங்கே? காட்டுங்க." பதிலுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று வந்தால், அந்த வாரம் வீட்டிலேயே இருந்துவிடலாம்.