டார்பிடோவை வாங்கலாம், நம் கடலை யார் கேட்பது?

மாணவர்களே, மாலையில் புந்தோங்கில் உங்கள் வீட்டு வாசலில் கண்ணை மூடி உட்காருங்கள். ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹாரன் அடித்தபடி வருவார். எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று கண்ணைத் திறக்காமலே கை நீட்டிச் சொல்லிவிடுவீர்கள். வலப்பக்கம் வந்தால் வலக்காதில் சத்தம் சற்று அதிகம். இடக்காதைத் தலை மறைத்துக்கொள்கிறது. 1943-இல் அமெரிக்கா கடலில் இறக்கிய ஓர் ஆயுதம் இதே உத்தியில்தான் வேலை செய்தது.

அதன் பெயர் மார்க் 24. ரகசியம் காக்க அதைக் 'கண்ணிவெடி' என்றே குறிப்பிட்டார்கள். உண்மையில் அது விமானத்திலிருந்து போடப்படும் டார்பிடோ. அதன் உடலைச் சுற்றி நீருக்கடியில் ஒலி கேட்கும் நான்கு 'காதுகள்'. நீர்மூழ்கிக் கப்பலின் சத்தம் எந்தக் காதில் கூடுதலாகக் கேட்கிறதோ, அந்தப் பக்கம் சுக்கான் திரும்பும். வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர்தான். நீர்மூழ்கி மேலே வந்து ஓடினால் பிடிக்கவே முடியாது. அதனால்தான் அவ்வளவு ரகசியம்!

பிறகு டார்பிடோக்களை ஹெலிகாப்டரும் தூக்க வேண்டியிருந்தது, எடை முக்கியமாயிற்று. இன்று இலகு ரக டார்பிடோக்களின் விட்டம் பல நாடுகளில் 324 மில்லிமீட்டர். விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை ஆய்வுக்கூடம் உருவாக்கி, 2012-இல் இந்தியக் கடற்படைக்குக் கொடுத்த 'ஷியேனா' இந்த வகைதான். எடை 220 கிலோ. பிரிட்டனின் 'ஸ்டிங் ரே' இன்னும் சுவையானது. அதன் பேட்டரியில் மெக்னீசியமும் வெள்ளிக் குளோரைடும் இருக்கின்றன, மின்பகுளி கிடையாது. கடலில் விழுந்ததும் கடல்நீரே மின்பகுளியாகிறது. படிவம் 5 வேதியியலில் மின்கலம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய டார்பிடோ தானே ஒலி எழுப்பி எதிரொலியையும் கேட்கிறது. கடலில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி ஒரு விநாடியில் திரும்பினால் இலக்கு 750 மீட்டர் தூரத்தில். கணக்கு எளிது. ஆனால் ஆழமில்லாத கடலில் தரையும் அலையும் மூழ்கிய கப்பலும்கூட எதிரொலிக்கும். 1982 பால்க்லாந்து போரில் அர்ஜென்டினாவின் 'சான் லூயிஸ்' நீர்மூழ்கியைத் தேடி பிரிட்டிஷ் கடற்படை பல டார்பிடோக்களைச் செலவழித்தது. அது சேதமில்லாமல் ஊர் திரும்பியது.

இப்போது நம் கடலுக்கு வாருங்கள். மலாக்கா நீரிணை நம் பேராக் கரையோரம் நூறு மீட்டர் ஆழம்கூட இல்லை. பாகான் டத்தோ அருகே பேராக் ஆறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. உப்பின் அளவு மாறினால் ஒலியின் வேகமும் மாறும். மேலே இரவும் பகலும் கப்பல் போக்குவரத்து. லூமுட் தளத்தின் 'லெக்கியு', 'ஜெபாட்' போர்க்கப்பல்களில் 324 மில்லிமீட்டர் டார்பிடோ குழல்கள் உள்ளன. குழலும் டார்பிடோவும் வெளிநாட்டில் வாங்கியவை. பணம் கொடுத்தால் அவை கிடைக்கும். ஆனால் இந்தக் கலங்கிய கடல் எப்படி ஒலிக்கிறது என்ற அறிவை யாரும் பெட்டியில் போட்டு அனுப்ப மாட்டார்கள். அதை நாம்தான் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கடல் ஒலிக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

"ஆயுதத்தைப் பற்றி ஏன் டீச்சர் படிக்க வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் ஆயுதத்தின் மேல் ஆசை இல்லை. ஆனால் அதே எதிரொலிதான் மீன் கூட்டத்தையும் கடலடிப் பள்ளத்தையும் காட்டுகிறது. படிவம் 4-இல் "இயற்பியல் வேண்டாம், கஷ்டம்" என்று ஒதுங்குகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை.

திரங்கானுவில் 'ஜூரு செலாம்' எனப்படும் மீனவர்கள் தலையை நீருக்குள் விட்டு, சத்தத்தை வைத்தே என்ன மீன் என்று சொல்வார்கள். இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் காதில் இருக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை.

அடுத்த விடுமுறையில் பங்கோர் தீவுக்குப் போனால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாறை ஓரத்தில் காதை நீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று கேட்கலாம். அது இறால், கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்.