முதல் பைக்... முதல்ல கால் எட்டணும் பாஸ்!

செகண்ட் இயர் ஆரம்பிச்சா போதும்... கேன்டீன்ல ஒரே டாபிக்தான். 'மச்சி, ட்யூக்கா, ஆர்15-ஆ, இல்ல புல்லட்டா?' கேட்கிறவன்கிட்ட எல்.எல்.ஆர். கூட இருக்காது. பதில் சொல்றவன் இன்னும் 'எட்டு' போட்டே முடிச்சிருக்க மாட்டான். ஆனா, டிஸ்கஷன் மட்டும் மோட்டோ ஜி.பி. ரேஞ்சுக்குப் பறக்கும்!

அதனால இந்த வாரம் நம்ம ஏரியா மக்களுக்காகவே ஒரு மேட்டர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துலேர்ந்து காலேஜ் போய் வர்ற, இப்பதான் கியர் மாத்தக் கத்துக்கிற ஒருத்தர் முதல் பைக்கை எப்படி செலக்ட் பண்றது?

ஒரே வரியில சொல்லணும்னா... முதல் பைக் சீன் போடுறதுக்கு இல்ல, ஓட்டக் கத்துக்கிறதுக்கு. இது மண்டையில ஏறிட்டா, பாதி பைக் லிஸ்ட்லேர்ந்து தானா கழண்டுடும்!

நம்ம ரோடு எப்படி?

நீங்க ஓட்டப்போறது வீடியோவுல வர்ற லடாக் ரோடு இல்ல பாஸ். பாடியிலேர்ந்து அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம்னு போற சி.டி.எச். ரோடு! முன்னாடி போற பஸ் திடீர்னு நிக்கும். லெஃப்ட்ல ஷேர் ஆட்டோ மூக்கை நுழைக்கும். பின்னாடி எஸ்டேட்டுக்குப் போற லாரி ஹாரன்லயே மிரட்டும். இங்க டாப் ஸ்பீடை வெச்சு என்ன பண்ணப்போறீங்க? சட்டுனு நிக்கணும், ஆட்டம் இல்லாம கிளம்பணும், நடக்கிற வேகத்துல யு-டர்ன் அடிக்கணும். அவ்ளோதான் தேவை.

வண்டி ஓடுறப்ப பேலன்ஸ் தானா கிடைச்சிடும். நிக்கப்போற கடைசி ரெண்டு செகண்ட்லதான் சிக்கலே. அப்ப வண்டி சாய ஆரம்பிச்சா, தாங்க வேண்டியது உங்க கால்தான். ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் 112 கிலோ, சீட் உயரம் 785 மி.மீ. கிளாசிக் 350 என்ன வெயிட் தெரியுமா? 195 கிலோ! வித்தியாசம் 83 கிலோ... நல்லா சாப்பிடுற ஒரு ஃப்ரெண்டையே கூடுதலா தாங்கிப் பிடிக்கிற மாதிரி. இதுல ரோட்டோரம் தார் முடிஞ்சு பள்ளம் இருந்து, கால் ஊன்ற இடத்துல தரையே இல்லேன்னா..?

1965-லேர்ந்து டாங்க் தயாரிக்கிற ஊர்தான் ஆவடி. அதுக்காக எல்.எல்.ஆர். வாங்கின மறுநாளே எல்லாரும் டாங்க் ஓட்டணும்னு கட்டாயம் இல்லையே!

பவர் வேணாமா?

வேணும், ஆனா அப்புறமா. ஸ்ப்ளெண்டர் கொடுக்கிறது சுமார் 8 ஹெச்.பி. ட்யூக் 200 கொடுக்கிறது சுமார் 25. மூணு மடங்கு! பள்ளத்துல இறங்கிக் கை ஆடி, த்ராட்டில் கொஞ்சம் கூடுதலா திரும்பிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. சின்ன வண்டி உறுமும், பெரிய வண்டி பாயும். ட்யூக் செம வண்டிதான், யார் இல்லேன்னா? ரெண்டாவது பைக்கா வாங்குங்க.

பூந்தமல்லி வழியா போற இதே பெங்களூரு ஹைவேலதான், 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கம் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் விபத்துல சிக்கினார். வீலிங் பண்ணினதா போலீஸ் கேஸ் போட்டாங்க. கை முறிஞ்சது, ஜெயிலுக்குப் போனார், லைசென்ஸை 10 வருஷத்துக்கு ரத்து பண்ணினாங்க. பல வருஷம் பைக்கும் கையுமா இருந்தவருக்கே அந்தக் கதின்னா, நாம எம்மாத்திரம்?

பிரேக்கைப் பாருங்க!

'முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்'னு ஊர்ல ஒரு நம்பிக்கை உண்டு. ஆனா, பிரேக் பிடிக்கிறப்ப வெயிட் முன்னாடி சாயும். அதனால வண்டியை அதிகமா நிறுத்துறதே முன் சக்கரம்தான். தப்பு எங்கன்னா, பதறிப்போய் ஒரேடியா அழுத்துறப்ப சக்கரம் லாக் ஆகுறது. அதைத் தடுக்கத்தான் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசி-க்கு மேல உள்ள வண்டிகளுக்கு அது கட்டாயம். 125 வரைக்கும் சி.பி.எஸ். இருந்தாலே போதும்னு விதி வெச்சாங்க. அதாவது, பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். செகண்ட்ஹேண்ட் வாங்கினா, 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியா பாருங்க.

அப்பா பர்ஸ்... ஜாக்கிரதை!

விளம்பரத்துல போடுறது ஷோரூம் விலை. ரோட்டுக்கு வர்றப்பதான் ஒரிஜினல் பில் தெரியும். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல மாத்தின கணக்குப்படி, ஒரு லட்சம் வரை உள்ள வண்டிக்கு ரோடு டாக்ஸ் 10 சதவிகிதம், அதுக்கு மேல போனா 12. புது வண்டிக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் 2018 செப்டம்பர்லேர்ந்து கட்டாயம். 2022 ஜூன்ல அறிவிச்ச ரேட்படி, 150 சிசி வரை 3,851 ரூபா. அதைத் தாண்டி 350 வரை 7,365 ரூபா. பத்து சிசி கூடினதுக்கு ஏறக்குறைய டபுள்! 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 சதவிகிதமா குறைஞ்சது ஒரு ஆறுதல்.

என் ஓட்டு எதுக்குன்னா... பேப்பர் சுத்தமா இருக்கிற 100 - 125 சிசி செகண்ட்ஹேண்ட் வண்டிக்குத்தான். கீழ போட்டாலும் மனசும் பர்ஸும் உடையாது. டி.என். 13 அம்பத்தூரோ, டி.என். 12 பூந்தமல்லியோ, நம்பர் பிளேட்டை மட்டும் நம்பாதீங்க. ஆர்.சி.-ல இருக்கிற இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில இருக்கா? லோன் பாக்கி, ஃபைன் பாக்கி உண்டா? ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கி, பேர் மாத்தின பிறகுதான் அது உங்க வண்டி. டயர்ல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். '2319'னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பார்க்க புதுசா பளபளன்னு இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருக்கும்!

லைசென்ஸ் இல்லாமலா?

ஸ்கூட்டியில டெஸ்ட் கொடுத்து 'கியர் இல்லாத வண்டி' லைசென்ஸ் வாங்கினா, அதை வெச்சு பைக் ஓட்ட முடியாது. எல்.எல்.ஆர். 6 மாசம் செல்லும். 30 நாள் கழிச்சு டெஸ்ட்டுக்குப் போகலாம். அதுவரைக்கும் 'எல்' போர்டு கட்டாயம். லைசென்ஸ் வெச்சிருக்கிற, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளைத் தவிர யாரையும் பின்னாடி ஏத்தக் கூடாது. ஆளுக்கு லிஃப்ட் கொடுக்கிற கனவை அப்புறம் பார்த்துக்கலாம்!

மாட்டினா 5,000 ரூபா ஃபைன். அது சின்ன விஷயம். லைசென்ஸ் இல்லாம ஓட்டி யாருக்காவது அடிபட்டா, இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை வண்டி ஓனர்கிட்டேர்ந்தே திருப்பி வசூலிக்க முடியும். ஓனர் யாரு? ஆர்.சி.-ல பேர் இருக்கிற அப்பா! ரிட்டயர்மென்ட் பணம், அம்மா நகைன்னு கைவைக்கிற அளவுக்கு அது போகலாம்.

ஹெல்மெட்டை பைக் பட்ஜெட்லயே சேர்த்துடுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரையோட ஐ.எஸ். 4151-னு போட்டிருக்கணும். 2022-ல மட்டும் நாடு முழுக்க டூ-வீலர்ல போனவங்க 74,897 பேர் விபத்துல இறந்தாங்க. அந்த வருஷம் ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர். நம்ம காலேஜ் மாதிரி எத்தனை காலேஜ் காலியாகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

கடைசியா ஒரு டெஸ்ட். வாங்கப்போற வண்டியில ஏறி உட்காருங்க. ரெண்டு பாதமும் முழுசா தரையில படுதா? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, உட்கார்ந்தபடியே பத்தடி பின்னாடி தள்ள முடியுதா? ரெண்டுக்கும் 'ஆமா'ன்னா, வீட்டுல பேச்சை ஆரம்பிங்க. இல்லேன்னா, பக்கத்துல நிக்கிற அடுத்த வண்டியைப் பாருங்க.

ஹேப்பி ரைடிங் மச்சீஸ்... அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!