கங்காவைப் பற்றிப் பேச ஓர் இடம்

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளியானதும் வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். மழைநாளில் ஒருவன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிட்ட கல்லூரிப் பெண் வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். இந்த முடிவைப் பலரால் பொறுக்க முடியவில்லை. கண்டனக் கடிதங்கள் வந்தன. முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

ஜெயகாந்தன் அந்தச் சண்டையையே நாவலாக்கினார். தாய் ஊரைக் கூட்டி அழுது புலம்பியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. நாயகி கங்கா ஒரு பத்திரிகைக் கதையைப் படிக்கிறாள். அது அவள் கதை, முடிவு மட்டும் வேறு. அதை எழுதிய ஆர்.கே.வி.யும் நாவலில் ஒரு பாத்திரம். 1972-இல் இந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977-இல் ஜெயகாந்தனே திரைக்கதை எழுத, பீம்சிங் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். அன்று வாசகர்கள் சும்மா இருந்திருந்தால் கங்கா பிறந்திருப்பாளா என்பதே சந்தேகம்.

கதையைப் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

தமிழில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. பூமணியின் ‘வெக்கை’ நாவல் 1982-இல் வந்தது. வெற்றிமாறன் அதை 2019-இல் ‘அசுரன்’ என்று படமாக்கினார். நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கண்ணும் காதுமாக நகர்கிறது. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிய பையனும் அப்பாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். படத்தில் அப்பா சிவசாமிதான் மையம். அவருடைய இளமைக்காலம் விரிவாக வருகிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. பையனிடமிருந்து கதை ஏன் அப்பாவிடம் போனது, அதனால் கூடியது எது, குறைந்தது எது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால்தான் ருசி. அதற்குப் படம் பார்த்த கையோடு புத்தகமும் கிடைக்க வேண்டும்.

பொது நூலகத்தின் வேலை இங்கேதான் வருகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சொத்து வரியோடு, ரூபாய்க்குப் பத்து காசு இன்றும் நூலக வரியாக வசூலாகிறது. வீட்டுக்காரர் கட்டுவது வாடகையிலும் சேரும் என்பதால் குடியிருப்பவருக்கும் அதில் பங்குண்டு. நூலகத்தில் புத்தகம் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது.

சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ படம் பார்த்துவிட்டு வந்த பள்ளி மாணவி முதலில் போகக்கூடியது அவள் தெருக்கோடியில் இருக்கும் கிளை நூலகத்துக்கு. அங்கே அந்த நாவலின் மூன்றாம் பாகம் இருந்து முதல் பாகம் இல்லையென்றால் அவள் ஆர்வம் அன்றோடு வடிந்துவிடும்.

நாவல் படமாகிறது என்ற செய்தி பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த நாவலில் கூடுதல் படிகள் வாங்கிக் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் அனுப்ப அந்த அவகாசம் போதும். படம் வந்த மாதத்தில் நூலகத்தின் வாசகர் வட்டம் அந்த ஒரு புத்தகத்துக்காகக் கூடட்டும். பொன்னாடை, வரவேற்புரை, சிறப்புரை எல்லாவற்றையும் அன்றைக்கு ஒதுக்கிவிடலாம். படித்தவர்களும் படம் மட்டும் பார்த்தவர்களும் வட்டமாக உட்கார்ந்து சண்டை போடட்டும். வேலை முடிந்து வருகிறவர்களும் கலந்துகொள்ள, கூட்டத்தை ஞாயிறு மாலையில் வைப்பது நல்லது.