ஊழியரின் சந்தாவும் முதலாளியின் நன்கொடையும்

2023 ஏப்ரலில் அஞ்சல் துறை, தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்தின் அங்கீகாரத்தையும், அதன் உறுப்புச் சங்கமான அகில இந்திய அஞ்சல் ஊழியர் சங்கம் குரூப் ‘சி’யின் அங்கீகாரத்தையும் ரத்து செய்தது. சுமத்தப்பட்ட குற்றம் இதுதான்: சங்க நிதியிலிருந்து விவசாயிகள் போராட்டத்திற்கு 30,000 ரூபாய், சிஐடியுவுக்கு 50,000 ரூபாய், மார்க்சிஸ்ட் கட்சிக்கு 4,935 ரூபாய் வழங்கப்பட்டது. கடைசித் தொகை புத்தகங்கள் வாங்கியதற்கானது என்று சங்கம் விளக்கமளித்தது. மூன்றையும் கூட்டினாலும் ஒரு லட்சத்தை எட்டவில்லை.

ஒன்றிய அரசு ஊழியர் சங்கங்களுக்கான 1993ஆம் ஆண்டு அங்கீகார விதிகளே இதற்கு ஆயுதமாயின. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் அரசியல் நிதி வைத்திருக்கக்கூடாது என்கின்றன அவ்விதிகள். அதே விதிகளின்படி, ஊதியப் பட்டியல் வழியாகப் பிடிக்கப்படும் சந்தாவைக் கொண்டே ஒரு சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது. பொதுவாக 35 சதவீத ஊழியர்களின் ஆதரவு இருந்தால்தான் அங்கீகாரம். ஆக, சந்தாப் பிடித்தம் என்பது வெறும் பண வசூல் அல்ல. பேச்சுவார்த்தை மேசையில் அமரும் உரிமையே அதில் அடங்கியுள்ளது.

உறுப்பினரின் விருப்பத்திற்கு மாறாக அவரது ஊதியத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கக்கூடாது என்பதில் இருவேறு கருத்து இல்லை. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இதை அன்றே தீர்த்து வைத்தது. பதிவு பெற்ற சங்கம் அரசியலுக்குத் தனி நிதி திரட்டலாம். ஆனால் அதற்கு எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. கொடுக்காதவரின் சலுகைகளைப் பறிக்கவும் கூடாது. நியாயமான ஏற்பாடு இது. கேள்வி, இந்த நியாயம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்பதே.

கம்பெனிகளுக்குப் பொருந்தவில்லை. முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்திற்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பை 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அகற்றியது. தேர்தல் பத்திரம் கொடுத்தவரின் பெயரையும் மறைத்தது. இயக்குநர் குழுவின் தீர்மானமே போதுமானதாக இருந்தது. பங்குதாரர் எவரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை. லாபத்தை உருவாக்கிய தொழிலாளியைக் கேட்பது பற்றிய பேச்சே எழவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மனுதாரராக இருந்த வழக்கில், 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இத்திட்டத்தை ரத்து செய்தது. பத்திரங்கள் மூலம் மிக அதிகமாகப் பணம் பெற்ற கட்சி பாஜகவே என்பது அதன்பின் வெளியான விவரங்களில் உறுதியானது.

அரசு ஊழியர் அரசியலிலிருந்து விலகி நிற்கவேண்டும் என்ற வாதமும் நேர்மையானதல்ல. ஆர்எஸ்எஸ் நடவடிக்கைகளில் ஒன்றிய அரசு ஊழியர்கள் பங்கேற்பதற்கு 1966 முதல் இருந்த தடையை, 2024 ஜூலையில் இதே அரசு நீக்கியது. விவசாயிக்குக் கொடுத்தால் அரசியல். ஷாகாவுக்குச் சென்றால் அரசியல் இல்லை!

அஞ்சல் ஊழியர்களின் அனுபவம் இன்னொன்றையும் உணர்த்துகிறது. ஊதியப் பட்டியல் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதன் வழியாக மட்டுமே வரும் சந்தாவை நம்பி நிற்கும் சங்கத்தை ஓர் உத்தரவால் முடக்கிவிட முடியும். மாதந்தோறும் உறுப்பினரை நேரில் சந்தித்து, ரசீது கொடுத்து, கணக்குச் சொல்லி வாங்கும் சந்தாவை எந்த உத்தரவாலும் நிறுத்த முடியாது. பிடித்த உரிமைக்காகப் போராடுவதும், இந்தப் பழைய பழக்கத்தை மீட்பதும் ஒருசேர நடக்கவேண்டிய பணிகள். தொழிற்சங்க அரங்கில் செயல்படும் கட்சி உறுப்பினர்களுக்கு இதில் முதன்மையான பொறுப்பு உண்டு.